படகின் அடிவயிறு

கடலில் விடப்பட்ட எந்தப் பொருளும் தன் சொந்த உருவத்தோடு நெடுநாள் இருந்துவிட முடியாது என்பதும், கல்லானாலும் மரமானாலும் இரும்பானாலும், மனிதன் ரசாயனசாலையில் செய்த செயற்கைத் துணியானாலும், அதன்மேல் முதலில் ஒரு வழவழப்பும், பிறகு பச்சைப் பாசியும், அதன் பிறகு ஓடுடைய ஜந்துக்களும் வந்து குடியேறிவிடும் என்பதும் கரையில் வாழ்கிற எவருக்கும் புதிய செய்தியல்ல. ஆயினும், அந்தக் குடியேற்றத்தை அன்றன்று தடுத்து நிறுத்துவதே ஒருவனுடைய உத்தியோகமாக அமைந்துவிட்டால், அவன் அதைப் பார்க்கிற பார்வையே வேறாகிவிடுகிறது. கப்பலின் முகப்பையும் பாய்மரத்தையும் வியந்து நிற்கிறவர்கள் நடுவில் அவன் மட்டும் குனிந்து, நீருக்கு அடியில் மறைந்திருக்கும் பாகத்தைத் தடவிப் பார்க்கிறவனாக ஆகிவிடுகிறான்.

நான் அப்படிக் குனிந்தே என் உத்தியோக காலத்தைக் கழித்தவன். மண்டபத்தில், மன்னார் வளைகுடாத் தீவுகளின் பவளப் பாறைகளை ஆராயும் முக்குளிப்பாளர்களை ஏற்றிச் செல்லும் ரப்பர் படகுகளைப் பராமரிப்பது என் பொறுப்பு. மண்டபம் ஒரு விசேஷமான ஊர். நிலம் ஒரு குறுகிய நாக்காகக் கடலுக்குள் நீண்டு கிடக்கிறது. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. ஊரார் அவற்றை வடகடல் என்றும் தென்கடல் என்றும் சொல்வார்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அடங்கியிருக்கும். ஐப்பசியில் வாடை தொடங்கிவிட்டால் நிலைமை தலைகீழாகும். படகுகளும் அதற்கேற்ப ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு மாறும். ஆகவே வருஷம் முழுவதும் ஏதோ ஒரு கடலில் வேலை நடந்துகொண்டேயிருக்கும். வருஷம் முழுவதும் ஏதோ ஒன்று படகின் அடியில் வளர்ந்துகொண்டேயிருக்கும். குளிர் நாடுகளில் பனிக்காலத்தில் கடல் உயிர்கள் வளர்ச்சி குன்றி ஓய்ந்திருக்க, படகுக்காரனும் ஓய்ந்திருக்கலாம் என்று படித்திருக்கிறேன். எங்கள் வெப்பக் கடலில் அந்தச் சௌகரியம் இல்லை.

ரப்பர் படகு என்று வழக்கத்தில் சொன்னாலும், அதில் இயற்கை ரப்பர் பெரும்பாலும் கிடையாது. நெய்த பாலியெஸ்டர் துணியின் இரு புறமும் பி.வி.சி. பூசியது ஒரு வகை. உள்ளே நியோப்ரீனும் வெளியே ஹைப்பலானும் பூசியது மற்றொரு வகை. ஹைப்பலான் என்பது டூபாண்ட் நிறுவனத்தார் வைத்த பெயர். அவர்கள் 2010-ல் அதன் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள் என்றாலும், அதே பொருளைப் பிறர் செய்து வருவதால் பழைய பெயரே நிலைத்துவிட்டது. இரு பக்கமும் காற்றடைத்த பெருங்குழாய்கள், அவற்றை இணைக்கும் நெகிழ்வான அடித்துணி, அந்தத் துணியை நடுவில் கூராக இறக்கிக் காட்டும் காற்று ஏரா, உள்ளே மிதிப்பதற்கு ஒட்டுப்பலகை, அமரத்தில் எஞ்சினைத் தாங்கும் பின்பலகை, அந்தப் பின்பலகைக்கும் அப்பால் கூம்பி நீளும் இரண்டு குழாய் நுனிகள்: இவ்வளவே படகு. இதன் பலமெல்லாம் இதன் இலேசில் இருக்கிறது. எஞ்சினை முடுக்கினால் இது நீரைக் கிழித்துக்கொண்டு போவதில்லை. நீரின்மேல் எழும்பி, அதன் தோல்மீது வழுக்கிக்கொண்டு போகிறது. அப்படி எழும்புவதற்கு அடித்துணி வழவழப்பாக இருப்பது அத்தியாவசியம்.

இதில் எவ்வளவு வித்தியாசம் உண்டாகும் என்று கேட்கிறவர்களுக்குப் பெரிய கப்பல்களைப் பற்றிய ஒரு கணக்கைச் சொல்லுவேன். அமெரிக்கக் கடற்படையின் ஒரு வகைப் போர்க்கப்பலை வைத்து 2007-ல் வெளியான ஆராய்ச்சியில், அடியில் கனமான வழும்பு மட்டும் படிந்திருந்தாலே அதே வேகத்தில் செல்ல ஏறத்தாழ 21 சதவிகிதம் அதிக சக்தி வேண்டும் என்றும், ஓடுடைய ஜந்துக்கள் அடர்ந்துவிட்டால் அது 86 சதவிகிதம் வரை போகும் என்றும் கணக்கிட்டிருந்தார்கள். அத்தனை பெரிய எஞ்சின் உடைய கப்பலுக்கே அப்படியென்றால், நான்கு பேரையும் அவர்களுடைய காற்று உருளைகளையும் சுமந்துகொண்டு ஒரு சிறு எஞ்சினை நம்பிப் போகும் எங்கள் படகின் கதியை யோசித்துப் பார்க்க வேண்டும். ஒரு தடவை தீவுப் பக்கத்திலிருந்து இரண்டு படகுகள் ஒரே நேரத்தில் புறப்பட்டன. எஞ்சின் ஒன்றே, சுமையும் ஏறக்குறைய ஒன்றே, எதிரே வீசிய காற்றும் ஒன்றே. எங்களுடைய படகு எழும்பி ஓடிக் கரையேறிவிட்டது. வேறொரு குழுவினர் வாரக்கணக்கில் நங்கூரத்திலேயே விட்டு வைத்திருந்த மற்றப் படகு, எவ்வளவு முடுக்கியும் எழும்பாமல், அமரத்தை அழுத்திக்கொண்டு அலைக்கு அலை முட்டி, பொழுது சாய்ந்த பிறகு கடைசிச் சொட்டுப் பெட்ரோலில் வந்து சேர்ந்தது. அதில் வந்தவர்களில் ஒருவருடைய முழங்கையும் உள்ளங்கையும் கீறிக் கிழிந்திருந்தன. நீரிலிருந்து படகில் ஏறும்போது குழாயின் அடிப்புறத்தில் ஒட்டியிருந்த கொட்டலசு என்னும் ஓடுடைய ஜந்து கிழித்த காயம் அது. கொட்டலசு கிழித்தால் எளிதில் ஆறாது, சீழ் வைக்கும் என்பதை எங்கள் கரையில் குழந்தைகளும் அறியும்.

இந்தக் கொட்டலசைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் எதிராளியின் ஸ்வபாவம் தெரியாமல் செய்கிற காவல் வெறும் உடல் உழைப்பாகவே முடிந்துபோகும். சுத்தமான ஒரு பரப்பைக் கடலில் அமிழ்த்திய சில நிமிஷங்களுக்குள்ளேயே நீரில் கரைந்திருக்கும் சேதனப் பொருள்கள் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலமாக அதன்மேல் படிந்துவிடுகின்றன. சில மணி நேரத்தில் அந்தப் படலத்தில் பாக்டீரியாக்கள் தங்கிப் பெருகுகின்றன. அவற்றைத் தொடர்ந்து டயட்டம் என்னும் நுண்பாசிகள் வருகின்றன. கையால் தடவினால் வழுக்கும் வழும்பு இதுதான். பாசியின் வித்துக்களும், குழாய்ப் புழுக்களும், கொட்டலசின் குஞ்சுகளும் பிறகு வருகின்றன. கொட்டலசு முட்டையிலிருந்து வெளிவரும்போது நண்டு இறாலின் குஞ்சுகளைப் போலவே நீந்தித் திரிகிற ஒரு நுண்ணிய ஜந்து. ஆறு பருவங்களைக் கடந்த பின் அது வேறொரு வடிவம் எடுக்கிறது. அந்த வடிவத்தில் அது எதையும் உண்பதில்லை. உட்காருவதற்கு ஓர் இடம் தேடுவது ஒன்றே அதன் வேலை. தன் உணர்கொம்புகளால் பரப்பைத் தொட்டுத் தொட்டு நடந்து சோதிக்கிறது. பிடிக்காவிட்டால் விட்டுவிட்டு நீந்திப் போய்விடுகிறது. பிடித்துவிட்டால் தலைப்புறத்தைப் பசையால் ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றிச் சுண்ணாம்புச் சுவரெழுப்பி, ஆயுள் முழுவதும் காலால் இரையை வாரி உண்டு வாழ்கிறது. சார்லஸ் டார்வின் உயிரினங்களின் தோற்றத்தைப் பற்றிய தம் பெரு நூலை எழுதுவதற்கு முன், 1846 முதல் 1854 வரை எட்டு வருஷங்களை இந்தச் சிறு ஜந்துவுக்காகவே செலவிட்டார் என்பது எனக்கு எப்போதும் ஒரு தெம்பைத் தந்து வந்திருக்கிறது.

கொட்டலசுக் குஞ்சு தன் இனத்தார் ஏற்கெனவே இருக்கிற இடத்தையே விரும்பித் தேர்ந்தெடுக்கிறது என்பதை 1950-களில் நைட்-ஜோன்ஸ் என்ற விஞ்ஞானி பரிசோதனை செய்து நிறுவினார். நடமாட முடியாத ஒரு பிராணி, அண்டையில் துணை இருந்தால்தான் இனவிருத்தி செய்ய முடியும். ஆகவே குஞ்சுக்கு அந்த விருப்பம் நியாயமானதே. ஆனால் படகுக்காரனுக்கு இதிலிருந்து கிடைக்கிற பாடம் மிகப் பெரியது. ஒன்று உட்கார்ந்துவிட்டால் அது ஒன்றாக நிற்காது. சுரண்டி எறிந்த பிறகும் அதன் அடித்தட்டும் பசையும் வெள்ளை வட்டமாகத் துணிமேல் தங்கினால், அந்த வட்டமே அடுத்த குஞ்சுக்கு அழைப்பாக அமைகிறது. மேலோடு போனதும் வேலை முடிந்தது என்று கருதுகிறவனுடைய படகு அடுத்த தடவை இன்னும் விரைவாக அழுக்கடைவதன் காரணம் இதுவே.

இந்த விஷயத்தில் நம் கரையில் நடந்த ஆராய்ச்சியும் அற்பமானதல்ல. சென்னைத் துறைமுகத்தில் ஒட்டி வாழும் ஜந்துக்களின் வளர்ச்சியையும் இனப்பெருக்கத்தையும் பற்றி எம். டி. பால் என்பவர் 1942-லேயே எழுதினார். மண்டபத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் குருசடைத் தீவில், சென்னை மாகாண மீன்துறையின் உயிரியல் நிலையத்தை ஆதாரமாகக் கொண்டு, மன்னார் வளைகுடாவில் எந்தப் பருவத்தில் எவை வந்து ஒட்டுகின்றன என்று ஜி. கே. குரியன் ஆராய்ந்து 1953-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். முத்துச் சிப்பிகளை வைத்து வளர்க்கும் கூண்டுகளில் படிகிறவற்றைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார். முத்து வளர்ப்பில் சிப்பியைச் சுரண்டிச் சுத்தம் செய்வது ஓயாத வேலை. தூத்துக்குடியில் 1973-ல் வளர்ப்பு முத்தை எடுத்துக் காட்டியவர்களுக்கும் இதே கொட்டலசுதான் ஓயாத தொல்லை. என் வேலை அவர்களுடைய வேலையின் தூரத்து உறவு என்று நான் சந்தோஷத்தோடு எண்ணிக்கொள்வதுண்டு.

இவ்வளவும் புத்தகத்தில் படித்தது பிற்பாடுதான். ஆரம்பத்தில் எனக்கு உபதேசித்தவர் வடகடல் கரையில் வத்தைப் படகு வைத்திருந்த ஒரு பெரியவர். எந்த மருந்தைப் பூசினால் படகின் அடி சுத்தமாக இருக்கும் என்று அவரிடம் போய்க் கேட்டேன். பழைய நாளில் மரப்படகுகளுக்கு மீன் எண்ணெயும் முந்திரிக்கொட்டை எண்ணெயும் சுண்ணாம்பும் பூசுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்ததால், அதில் ஏதேனும் ரகசியம் இருக்கும் என்பது என் நினைப்பு. அவர் என் படகைச் சுற்றி வந்து பார்த்தார்.

“தம்பி, கடலு சும்மா கெடக்குறதத்தான் புடிக்கும். ராத்திரிக்குக் கரையேத்திப் போடு. மருந்தே வேணாம்.”

“ஏத்துறதுக்கு ஆள் வேணுமேய்யா. நாங்க ரெண்டு பேருதான் இருக்கோம்.”

“ஆளு எதுக்கு? அடியில உருட்டுக்கட்டை போடு.”

அன்றைக்கு இதை ஒரு வயோதிகரின் சுருக்கமான பதிலாகவே எடுத்துக்கொண்டேன். பின்னால் படித்த நூல்களெல்லாம் அந்தப் பதிலுக்கு விரிவுரை எழுதியவைபோல் எனக்குத் தோன்றின. கட்டுமரக்காரன் கரை வந்ததும் மரத்தை மணலில் ஏற்றிக் கட்டவிழ்த்துக் காயவைக்கிறானே, அது மரம் நீர் குடித்துக் கனத்துப் போகாமல் இருப்பதற்காக மட்டும் அல்ல. அன்று கடலிலிருந்து ஏறிவந்த உயிர்கள் எல்லாம் அந்த வெயிலில் மடிந்து போகின்றன. வளர்ந்த கொட்டலசு தன் வாயில் ஓடுகளை இறுக மூடிக்கொண்டு நீரில்லாமல் நாட்கணக்கில் கிடக்கும். ஆனால் அன்று காலையில் ஒட்டிய குஞ்சுக்கு அந்த ஓடு இன்னும் உண்டாகவில்லை. ஒரு சில மணி நேர உலர்ச்சியை அது தாங்காது. ஆகவே தினந்தோறும் கரையேறுகிற படகில் எந்தக் கொட்டலசுக்கும் இரண்டாம் நாள் இல்லை. என்னுடைய அனுபவம் அனைத்தையும் பிழிந்தெடுத்தால் இந்த ஒன்றே எஞ்சும்: படகின் அடியைக் காப்பது பூச்சு அல்ல, கரை.

மேல்நாட்டு நூல்கள் சிலவற்றில், கடல் வற்றும்போது படகைத் தரைதட்ட விட்டு, நீர் ஏறி வருவதற்குள் அடியைச் சுத்தம் செய்துகொள்ளலாம் என்று எழுதியிருக்கும். அங்கெல்லாம் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் பல மீட்டர் வித்தியாசம் இருப்பதால் அது சாத்தியம். எங்கள் கடலில் அந்த வித்தியாசம் ஒரு மீட்டரைக்கூட எட்டாது. தூக்கித்தான் ஆக வேண்டும். அந்தப் பெரியவர் சொன்னபடி உருட்டுக்கட்டை செய்தோம்; சவுக்குக் கட்டையின் மேல் பழைய லாரி ட்யூபை இறுக இழுத்து மாட்டினோம், மரத்தின் சிலும்பு துணியைக் குத்தாமல் இருக்க. எஞ்சினை முதலில் கழற்றித் தனியே எடுத்துவிட வேண்டும். படகை மணல்மேல் இழுக்கவே கூடாது. எங்கள் மணல் பாதி சிப்பித் துண்டு. கொட்டலசு பல மாதங்களில் செய்யாத சேதத்தை ஒரே ஒரு மாலைப்பொழுதின் அலட்சியமான இழுப்பு அடித்துணிக்குச் செய்துவிடும். மேலேற்றிய பின் கவிழ்த்து வைத்து அடியைக் காயவிடுவோம். நண்பகல் வெயிலில் கவிழ்ப்பதானால் குழாய்க் காற்றைச் சிறிது குறைத்துவிட வேண்டும். சூட்டில் காற்று விரிந்து இணைப்புகளைப் பிரித்துவிடும். காய்ந்ததும் ஓலைக் கொட்டகைக்குள் கொண்டுபோய்விடுவோம். வெயில் கொட்டலசுக்கு விரோதி என்பதைப் போலவே பி.வி.சி. துணிக்கும் விரோதி என்பதை மறக்கலாகாது.

எவ்வளவு கவனமாக இருந்தாலும், தீவுப் பக்கத்தில் பல நாள் முகாம் போடுகிறபோது படகு நீரிலேயே கிடக்க நேர்ந்துவிடும். அப்படிக் கிடந்த படகைச் சுத்தம் செய்வதில் முதல் விதி, அது ஈரமாக இருக்கும்போதே வேலையைத் தொடங்க வேண்டும் என்பது. கஞ்சி வடித்த பானையைக் கழுவாமல் காயவிட்டால் அதில் படிந்த ஆடை எப்படி நகத்துக்கும் அசையாமல் போகிறதோ, அப்படியே நீரைவிட்டு எடுத்த வழும்பும் பாசியும் வெயில் பட்டதும் துணியோடு துணியாக இறுகிப்போகும். கரையேற்றிய கையோடு தேங்காய் நாரும் கடல்நீருமாகத் தேய்த்தால் வழும்பு அவ்வளவும் தானாக நழுவிவிடும். நல்ல தண்ணீரைக் கடைசி அலசலுக்கு மட்டுமே வைத்துக்கொள்வோம். குடிதண்ணீரைக் குடம் குடமாக விலைக்கு வாங்கும் ஊரில் படகைக் கழுவ நன்னீரைக் கொட்ட எங்களில் ஒருவருக்கும் மனம் வந்ததில்லை.

ஓடு கட்டிய கொட்டலசுக்கு நார் போதாது. கத்தியையும் உளியையும் இரும்புச் சுரண்டியையும் கொட்டகைக்குள்ளேயே நான் அனுமதித்ததில்லை. மூங்கில் பத்தையைச் சீவி, விளிம்பை உப்புத்தாளால் மழுங்கடித்து வைத்துக்கொள்வோம். அதைக் கொட்டலசின் அடியில் கொடுத்து மேல்நோக்கி நெம்பினால் துணியின் பூச்சும் சேர்ந்து உரியும். பக்கவாட்டில் தள்ளினால் கொட்டலசு மட்டும் பெயரும். இதிலும் ஓர் உபாயம் உண்டு, அதைக் காற்றுப் படகுக்காரன் மட்டுமே செய்ய முடியும். குழாயின் காற்றைப் பாதிக்கு இறக்கிவிட வேண்டும். துணி தொய்ந்ததும் அதை இரு கைகளாலும் பிடித்து வளைத்து நெளித்தால், சுண்ணாம்புத் தட்டு வளையாது, துணி வளையும். இரண்டுக்கும் நடுவே பசை விட்டுப்போகும். சிறு கொட்டலசுகள் மூங்கில் படாமலே உதிர்ந்துவிடுவதைப் பல தடவை கண்டிருக்கிறேன். மர வள்ளத்துக்கோ இரும்புக் கப்பலுக்கோ இல்லாத இந்த நெகிழ்வு எங்கள் படகின் பாக்கியம்.

பிறகு அந்த வெள்ளை வட்டங்கள். அவற்றின் மேல் வினிகரில் நனைத்த துணியைப் போட்டு மூடிவிட்டு வேறு வேலையைப் பார்க்க வேண்டும். சுண்ணாம்பு மெல்ல நுரைத்துக் கரையும். அவசரப்பட்டுக் கடுமையான அமிலத்தைக் கையாண்டால் வட்டத்தோடு பின்பலகையின் உலோகப் பட்டைகளும் அரிக்கப்படும். கரைந்த பின் ஈரத் துணியால் துடைத்து நன்றாக அலசினால் போதும். பெட்ரோலையோ தின்னரையோ தொடக்கூடாது. அவை இணைப்புகளின் பசையை இளக்கிவிடும். பளபளப்புக்காகச் சிலர் சிலிக்கோன் கலந்த மெழுகைத் தடவுகிறார்கள். பார்வைக்கு அழகாகவும் கொஞ்ச நாள் வழும்பு ஏறாமலும் இருக்கலாம். ஆனால் பின்னொரு நாள் அந்த இடத்தில் ஓட்டை விழுந்தால் எந்தப் பசையும் அதில் ஒட்டாது. நடுக்கடலில் நான்கு உயிர்களைச் சுமக்கும் துணியில், ஒட்டுப் போட முடியாத ஓர் இடத்தை நாமே உண்டாக்குவது பெரும் பாவம் என்றே நான் சொல்லுவேன்.

இனி, பூச்சைப் பற்றி. பூச்சு விற்கிறவர்கள் சொல்லும் பெருமையில் உண்மை இல்லாமல் இல்லை. மரக்கப்பலின் அடியில் செப்புத் தகடு அடித்தால் கடல் வளர்ச்சி தங்குவதில்லை என்பதை ஆங்கிலக் கடற்படையினர் 1761-ல் ‘அலார்ம்’ என்ற கப்பலில் பரீட்சித்தார்கள். செம்பு கடல்நீரில் அரித்துப் போகிறதே என்று வருந்தி, அதைத் தடுக்கும் உபாயத்தை 1824-ல் ஹம்ப்ரி டேவி கண்டுபிடித்தார். செம்போடு சிறு இரும்புத் துண்டுகளைச் சேர்த்தால் இரும்பு அரித்துப் போகும், செம்பு தப்பிக்கும். அவர் சொன்னபடியே செம்பு தப்பித்தது. ஆனால் தேயாத செம்பின் மேல் கொட்டலசும் பாசியும் தாராளமாக வளர்ந்துவிட்டன. செம்பு கரைந்து கரைந்து நீரில் கலப்பதே அதன் காவல்; கரைவது நின்றால் காவலும் நின்றுவிடும். இன்றைய செப்புப் பூச்சுக்களும் இதே தர்மத்தில்தான் நடக்கின்றன. ஆகையால், இந்தப் பூச்சு என் படகை எவ்வளவு நன்றாகக் காக்கிறதோ அவ்வளவுக்கு நான் போகும் கடலில் விஷத்தை விட்டுக்கொண்டு போகிறேன் என்பது அதை வாங்குகிறவன் மனத்தில் இருக்க வேண்டும். ட்ரைபியூட்டைல் டின் என்ற வெள்ளீயக் கூட்டுப்பொருளைச் சேர்த்த பூச்சுக்கள் செம்பையும் மிஞ்சிய பலன் தந்தன. ஆனால் பிரான்ஸ் தேசத்தின் ஆர்க்கஷோன் விரிகுடாவில் சிப்பிகள் உருக்குலைந்து, சிப்பி வளர்ப்பே நசிந்துபோனதால், அந்நாட்டார் 1982-ல் சிறு படகுகளில் அதைத் தடை செய்தார்கள். உலகக் கப்பல்கள் எல்லாவற்றுக்குமான சர்வதேச உடன்படிக்கை 2001-ல் ஏற்பட்டு, 2008 செப்டம்பரில் அமலுக்கு வந்தது.

காற்றுப் படகுக்கென்றே வளைந்துகொடுக்கும் பூச்சுக்கள் தனியாகக் கிடைக்கின்றன. மரப் படகுக்கு அடிக்கும் கெட்டியான பூச்சை இதில் அடித்தால், காற்றை இறக்கிப் படகைச் சுருட்டிய முதல் நாளே அது பாளம் பாளமாக வெடித்து உதிரும். நிரந்தரமாக நங்கூரத்தில் கிடந்தே தீர வேண்டிய ஒரு படகுக்கு மட்டும், அதுவும் அடித்துணிக்கும் குழாய்களின் கீழ்ப்பாகத்துக்கும் மட்டும், மிக மெல்லியதாக அந்தப் பூச்சைப் பூச நான் சம்மதித்ததுண்டு. பூசுவதற்கு முன் சுமையேற்றிப் படகை நீரில் விட்டு நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும்; வெறும் படகின் நீர்மட்டத்தை நம்பினால், எஞ்சின் ஏறியதும் அமரப் பக்கம் தாழ்ந்து, பூச்சில்லாத ஒரு பட்டை பாசிக்கு விருந்தாகிவிடும். அலுமினியப் பாகம் எதன்மேலும் செப்புப் பூச்சுப் படக்கூடாது. செம்பும் அலுமினியமும் கடல்நீரில் சேர்ந்தால் அலுமினியம் அரித்துப் போகும். தினமும் கரையேறும் மற்றப் படகுகளுக்கு ஒரு துளியும் பூச விட்டதில்லை.

இதில் நான் பிடிவாதமாக இருந்ததற்குக் காரணம், எங்கள் படகு போகிற இடம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை; 1989-ல் அந்தப் பிரதேசம் உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. பவளத்தைக் காப்பாற்றுவதற்கென்று ஆராயப் போகிறவர்களே பவளத்தின் தலைமேல் விஷத்தைத் தூவிக்கொண்டு போவது தகாது. அதைப்போலவே, சுரண்டியதையும் கடலில் எறியலாகாது. பாக் விரிகுடாக் கரையில் வியாபாரத்துக்காகப் பயிரிடப்பட்ட கப்பாஃபைக்கஸ் என்ற அந்நிய நாட்டுச் செம்பாசி, குருசடைத் தீவின் பவளத்தின் மேல் படர்ந்து அதை மூடியிருப்பதாக 2008-ல் ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். அந்தப் பாசிக்கு விதை வேண்டியதில்லை, முறிந்த ஒரு கிளைத் துண்டே புதுச் செடியாகிவிடும். வடகடலில் கிடந்த படகின் கயிற்றிலோ வளையத்திலோ இடுக்கிலோ அப்படி ஒரு துண்டு தொற்றிக்கொண்டு தென்கடல் தீவுக்குப் போவதற்கு எத்தனை நேரமாகும்? ஆகையால் கரை மாற்றும்போதெல்லாம் படகை நிலத்தில் வைத்தே முழுவதும் சுத்தம் செய்து, சுரண்டியவை அனைத்தையும் கூட்டி அள்ளி, நீர் எட்டாத மேட்டில் குழி வெட்டிப் புதைத்துவிடுவோம். புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகள் இதை வீண் சிரமம் என்று நினைப்பார்கள். ஒரு தடவை முக்குளிப்பாளர்களுடன் அழைத்துப்போய், பாசி மூடிய பவளத்தைக் கண்ணாடிப் பெட்டி வழியே காட்டிவிட்டால் பிறகு சொல்ல வேண்டியிராது.

எஞ்சினைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நிறுத்தியவுடன் அதன் காலை நீருக்கு மேலே மடக்கிவிட வேண்டும், கரை வந்ததும் நன்னீரில் ஓட்டி உள்ளே உள்ள உப்பைக் கழுவ வேண்டும். குளிர்நீர் இழுக்கும் துவாரத்தில் ஒரு சிறு கொட்டலசு உட்கார்ந்தாலும் எஞ்சின் சூடேறி நின்றுபோகும்.

பங்குனி முடிந்து கச்சான் தொடங்குவதற்கு முன், தென்கடலில் இருந்த படகுகளை வடகடலுக்கு மாற்றுகிற வாரத்தில் முழுப் பரிசோதனை நடக்கும். அப்போது கண்ணை நம்ப வேண்டாம் என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லுவேன். விளக்கொளியில் சுத்தமாகத் தெரியும் துணியில் விரல்களின் புறத்தைப் பட்டும் படாமலும் ஓட்டினால், கண்ணுக்குத் தெரியாத பொருக்குகள் தட்டுப்படும். முதலில் தொட வேண்டியது நடு அடி அல்ல. அங்கே நாரும் கையும் சுலபமாகப் போகிறபடியால் அழுக்குத் தங்குவதில்லை. அடித்துணி குழாயோடு சேரும் மடிப்பு, பக்கக் கயிறு கோத்த வளையங்களின் அடி, உராய்வுப் பட்டையின் கீழ் விளிம்பு, நீர்வடி துவாரத்தின் உட்சுற்று, பின்பலகைக்கு அப்பால் எப்போதும் நீரில் அமிழ்ந்தே இருக்கும் அந்த இரண்டு குழாய் நுனிகள்: இவற்றைத் தொட்டுப் பார்க்க வேண்டும். பின்பலகையின் விளிம்பில் வர்ணம் பெயர்ந்து ஒட்டுப்பலகை வெளியே தெரிந்தால் அதை அன்றே மூடியாக வேண்டும். மரத்தைத் துளைக்கும் உளு அந்த வழியாக உள்ளே போய்விட்டால் வெளியே ஓர் ஊசித்துளைக்கு மேல் எதுவும் தெரியாது, பலகையின் உள்ளெல்லாம் சல்லடையாகிவிடும். அந்த விளிம்பைக் காயவைத்து இரண்டு கை வர்ணம் பூசி, அது உலரும் வரையில் உருட்டுக்கட்டைகளின் ட்யூபைச் சரிபார்த்து மாற்றி, மறுநாள் காலையில் எஞ்சினை மாட்டிப் படகை வடகடலில் இறக்குவோம்.